மார்கழிக் குளிரில் மலை மேல் என்ன நடக்கிறது தெரியுமா?

கிண்டி வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வருகிறீர்களா? அந்த ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஓர் அரசு அலுவலகத்தை என்றாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? டார்ஜிலிங் தேயிலை முதல் காஞ்சிபுரம் பட்டு வரை, இந்தியாவின் புவிசார் குறியீடுகள் அத்தனையும் பதிவாவது அங்கேதான்! காஷ்மீர்க்காரரும் சரி, கன்னியாகுமரிக்காரரும் சரி, தன் ஊர்ப் பொருளுக்குப் பட்டயம் வேண்டுமென்றால் நம்ம சென்னைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2013-இல் அந்தப் பதிவேட்டில் ஒரு மலைச்சாதிப் பெண்களின் கைவேலையும் ஏறியது. நீலகிரித் தோடர்களின் பூத்தையல்!

அதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பு நூல், கறுப்பு நூல். அவ்வளவுதான் பொருள். துணியில் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை, சட்டத்தில் மாட்டுவதுகூட இல்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசியை இறக்குகிறார்கள். தையல் முடிந்ததும் அது தைத்ததா, தறியில் நெய்ததா என்று கண்ணால் சொல்லவே முடியாது! இன்னொரு விந்தை கேளுங்கள். நாம் 'உள்பக்கம்' என்று மறைத்துக்கொள்ளும் பக்கம், இழைகள் சற்றே எழும்பிச் சொரசொரவென்று இருக்கிறதே, அதைத்தான் தோடர்கள் நல்ல பக்கம் என்று வெளியே தெரியப் போர்த்துகிறார்கள். பூத்துக்குளி என்று அந்தப் போர்வைக்குப் பெயர். திருவிழாவுக்கும் அதுதான். உயிர் போன பிறகு உடலைப் போர்த்துவதும் அதுதான்.

இந்தப் போர்வையை நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? அதற்கு டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ ஊட்டிக்குப் போக வேண்டும். நாம் ஊட்டி போவது மே மாதம், மலர்க் கண்காட்சிக்கு. மலையின் சொந்தக்காரர்கள் கொண்டாடுவதோ புல்வெளியில் உறைபனி படியும் நாட்களில்!

ஊட்டி நகரை ஒட்டியே இருக்கிறது முத்தநாடு மந்து. தோடர்களின் குடியிருப்பை மந்து என்பார்கள். மந்துகளுக்கெல்லாம் தலைமை இது. பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் இங்கே வந்து சேரும் நாள்தான் மொற்பர்த், தோடர்களின் புத்தாண்டு. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர்தான். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியின் ஒரு முனையில் நிற்கும் கூட்டம் இதைவிடப் பெரிது! அந்த 2,000 பேருக்குத் தனி மொழி, தனிக் கட்டடக்கலை, தனி எருமை இனம், தனிச் சொர்க்கம் எல்லாம் இருக்கின்றன.

அங்கே மூன்போ என்ற கோயில் நிற்கிறது. கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. வட்டமான சுவர், அதன்மேல் கூம்பாக உயர்ந்து வானைக் குத்தும் புல் கூரை. இப்படிக் கூம்பு வடிவில் மிஞ்சியிருக்கும் தோடர் கோயில்கள் மிகமிகச் சில. மற்றவை பீப்பாயை நீளவாட்டில் பிளந்து கவிழ்த்தது போன்ற அரைவட்டக் கூரை கொண்டவை. எந்த வகையானாலும் வாசல் மட்டும் சின்னஞ்சிறியது. ஆறடி மனிதரும் மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? பால்! ஆமாம், தோடர்களுக்குப் பால் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுக்கும் இடமே கோயில். கோயில் எருமைகள் என்று தனி மந்தை, அவற்றுக்கென்று தனிப் பாத்திரங்கள், அந்தப் பாலைத் தொடும் பூசாரிக்கென்று கடும் விரதங்கள். சாதாரண எருமைப் பாலும் கோயில் எருமைப் பாலும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. உலகில் மாட்டை வணங்கும் மக்கள் உண்டு. பால் பண்ணையையே கருவறை ஆக்கிய மக்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

திருவிழா அன்று காலையிலிருந்தே பூத்துக்குளி போர்த்த ஆண்கள் புல்வெளி வழியாக வரிசையாக வருகிறார்கள். கோயில் முன் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிடுகிறார்கள். பிறகு கைகோர்த்து வட்டமாக நின்று, அடி எடுத்து வைத்தபடியே தங்கள் மொழியில் பாடுகிறார்கள். மேளமில்லை, தாளமில்லை, குரலும் காலடியும் மட்டும்தான். வயதில் இளையவர் பெரியவர் முன் குனிய, பெரியவர் தன் பாதத்தைத் தூக்கி இளையவரின் நெற்றியில் வைத்து ஆசி தருகிறார்! முதல்முறை பார்க்கும் நமக்குத் திக்கென்று இருக்கும். தோடர் வீட்டில் அன்பின் அடையாளமே அதுதான்.

அப்புறம் வருகிறது இளவட்டக்கல்! மதுரைப் பக்கமும் நெல்லைப் பக்கமும் பெண் கேட்கப் போகும் மாப்பிள்ளை தூக்கிக் காட்ட வேண்டிய அதே உருண்டைக் கல்தான், இங்கே ஏழாயிரம் அடி உயரத்தில்! விரல் கோக்க விளிம்பு கிடையாது, வழவழவென்று கிடக்கும். அறுபது கிலோவுக்குக் குறையாது என்பார்கள். இளைஞர் ஒருவர் கல்லை முதலில் தொடைக்கு ஏற்றி, தொடையிலிருந்து மார்புக்கு உருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோகிறார். காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடம், அதுவும் மார்கழிக் குளிர். கல் தோளைத் தாண்டிப் பின்பக்கம் தொப்பென்று விழும்போது எழும் கூச்சலைக் கேட்க வேண்டும்!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோயில் பகுதிக்குள் பெண்கள் வருவதில்லை. அது தோடர்களின் வழக்கம். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தோடர் பெண்களின் பாட்டும் ஆட்டமும் மந்துக்குள் தனியே நடக்கும். கல்யாணங்களிலும் நடக்கும்.

கல்யாணம் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோடர் பெண் கர்ப்பமாகி ஏழாம் மாதம் வரும்போது ஒரு சடங்கு உண்டு. காட்டுச் செடியின் குச்சியை வளைத்து வில், புல்லை ஒடித்து அம்பு. மரத்தடியில் விளக்கேற்றி வைத்து, கணவர் அந்தக் குட்டி வில்லையும் அம்பையும் மனைவியின் கையில் கொடுக்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்று ஊரறியச் சொல்வது இந்தச் சடங்குதான். தாலியைவிட வலுவான கட்டு! தோடர்கள் காலங்காலமாக வேட்டையாடாத, புலால் உண்ணாத மக்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். வில் அவர்கள் கைக்கு வருவது ஓர் உயிரை வரவேற்கும்போது!

எருமைக்குச் சொர்க்கம் இருக்கிறதா? தோடர்களைக் கேட்டால் இருக்கிறது என்பார்கள். நீலகிரியின் மேற்கு ஓரத்தில் வானத்தைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் முக்குருத்திச் சிகரம் தெரியுமல்லவா? இறந்த மனிதர்களும் இறந்த எருமைகளும் அந்தச் சிகரத்திலிருந்து குதித்து மறுஉலகம் சேர்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டில் சில முறை, குழி வெட்டி உப்புநீர் ஊற்றி எருமைகளைக் குடிக்கச் செய்வதையே ஒரு விழாவாக நடத்துகிறார்கள்.

இவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் இன்னொரு வியப்பு. ர, ற இரண்டுக்கும் உச்சரிப்பில் வித்தியாசம் காட்டவே நாம் திணறுகிறோம். தோடர் மொழியில் நாக்கு துடிக்கும் ஒலி மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு வகை, ஆக ஆறு! இதைக் கருவி வைத்து அளந்து 1996-இல் ஒலியியல் அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். எழுத்து இல்லாத மொழி, ஆனால் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. 1930-களில் இங்கு வந்து தோடரோடும் அதே மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தரோடும் உட்கார்ந்து கேட்ட எமனோ என்ற மொழியியலாளர், தோடர் பாட்டுகளை மட்டுமே ஒரு பெரும் புத்தகமாக 1971-இல் வெளியிட்டார். அவருக்கு முன்பு, 1901-1902-இல் வந்து தங்கியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவருடைய 'தோடர்கள்' நூல் 1906-இல் வந்தது; மானுடவியல் மாணவர்கள் இன்றும் புரட்டும் நூல். அதே ரிவர்ஸ்தான் முதல் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றவர்!

அடையாறுக்கும் இந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிரம்மஞான சபை அடையாற்றங்கரைத் தோட்டத்துக்கு 1882-இல் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு வெயிலுக்கு ஊட்டி போன, சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் தோடரையும் அண்டைப் பழங்குடியான குறும்பரையும் பற்றிக் கேட்டதையெல்லாம் திரட்டி, ரஷ்ய மொழியில் நீலமலை மக்களைப் பற்றித் தொடராகவே எழுதிவிட்டார். அதில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது, வரலாறாகப் படிக்கக் கூடாது. ஆனாலும் அந்தத் தோட்டத்து ஆலமர நிழலில் நடக்கும்போது, தோடர் எருமைகளைப் பற்றி ரஷ்யாவில் வாசித்த முதல் வாசகர்களை நினைத்தால் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதன் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். மலைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்த அருங்காட்சியகத்தின் மானுடவியல் பிரிவுக்குக் கொடுங்கள். மலை ஏறியதும் ஊட்டியை அடுத்த முத்தோரை பாலடாவில், 1983-இல் தொடங்கிய பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். எது யாருடையது, எதற்குப் பயன்படுவது என்று தெரிந்துகொண்டு விழாவுக்குப் போவதன் சுகமே தனி.

இப்போது மயிலாப்பூர் ரசிகர்களே, உங்களுக்கு ஒரு சேதி! சபாக்களில் நீங்கள் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும் அதே குளிர்காலத்தில் நீலகிரியில் இன்னோர் இசைவிழா நடக்கிறது. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, கேன்டீன் கிடையாது. கோத்தர்களின் அய்யனோர் அம்மனோர் விழா, கம்பட்டராயர் விழா என்றும் சொல்வார்கள். டிசம்பர் ஜனவரியில், பிறை பார்த்து நாள் குறித்து, பத்து நாளுக்கு மேல் நடக்கும்.

கோத்தர்களுக்கு ஏழே ஏழு ஊர்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கொல்லிமலை! நாமக்கல் கொல்லிமலை என்று நினைத்து எழுபது கொண்டைஊசி வளைவு ஏறிவிடாதீர்கள், இது நீலகிரியிலேயே இருக்கும் ஊர். கொல்லர், தச்சர், தோல் தொழிலாளி, இசைக் கலைஞர் எல்லாமே வழிவழியாகக் கோத்தர் ஆண்கள்தான். குயவர் மட்டும் பெண்கள்! விழாவின் ஒரு நாள் மண்ணுக்காக ஒதுக்கியது. வாத்தியங்கள் முழங்க மண் வெட்டிக் கொண்டுவர, பெண்கள் பானை வனைகிறார்கள். மூங்கிலும் புல்லும் கொண்டுவந்து கோயில் கூரையைப் புதுப்பிப்பதும் விழாவில் ஒரு சடங்கு. பக்தர் வேறு, கைவினைஞர் வேறு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கொள் என்ற நாதஸ்வரத்தின் உறவுக்காரக் கருவி, இரண்டு மூன்று வகைப் பறைகள், வளைந்த பித்தளைக் கொம்புகள். எல்லாம் ஒரே கணத்தில் முழங்கினால், ஊர் மொத்தமும் ஒன்றுகூடிவிட்டது என்று பொருள். வெள்ளை அங்கி அணிந்த ஆண்கள் தீயைச் சுற்றி ஆடுகிறார்கள். பெண்களின் ஆட்டத்துக்கென்று தனி முறை இருக்கிறது. சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வாசிப்பது என்ற பேச்சே கிடையாது! பூபாளத்தைச் சாயங்காலம் பாடினால் முகம் சுளிக்கிற நமக்கு இது புரியும். அமெரிக்க இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் இவர்களிடம் பல காலம் தங்கி, கோத்தர் இசையில் இடமும் காலமும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

ஒரு காலத்தில் இந்த மலையில் யாரும் தனித்து வாழவில்லை. தோடர் நெய் கொடுத்தார்கள், படுகர் தானியம் கொடுத்தார்கள், குறும்பர் தேனும் மூங்கிலும் காட்டு மருந்தும் கொண்டுவந்தார்கள், கோத்தர் இரும்புக் கருவியும் இசையும் கொடுத்தார்கள். தோடர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் வந்து வாசிப்பார்கள்! கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் இந்த உறவு கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோனது. மத்திய அரசு தனிக் கவனம் தர வேண்டியவை என்று தமிழ்நாட்டில் பட்டியலிட்ட பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேரும் வாழும் மாவட்டம் நீலகிரி.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. திருவிழா என்று நாம் போய்ப் பார்ப்பது அந்த ஒரு நாளை. அந்த ஒரு நாள் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? புல்லின்மேல்!

தோடர் கோயில் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது. மலைச் சதுப்புகளில் வளரும் குறிப்பிட்ட புல்தான் வேண்டும். ஆங்கிலேயர் காலம் தொட்டு விறகுக்கும் தோல் பதனிடவும் தொழிற்சாலைக்கும் என்று புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். நீர்மின் அணைகள் எழுந்தபோது பள்ளத்தாக்குகளும் சதுப்புகளும் மூழ்கின. புல்வெளி போனால் எருமைக்கு மேய்ச்சல் இல்லை. எருமை குறைந்தால் பாலில்லை, பாலில்லாத கோயில் பூட்டித்தான் கிடக்கும். சதுப்பு காய்ந்தால் கூரைக்குப் புல்லே கிடைக்காது. ஊட்டியில் வாழும் பல் மருத்துவர் தருண் சாப்ரா இந்தத் தொடர்பை ஆண்டுக்கணக்கில் தோடர்களோடு நடந்து பதிவு செய்தவர். 2015-இல் வந்த அவருடைய நூல் தோடர் நிலத்தைச் சிகரம் சிகரமாக, ஓடை ஓடையாகச் சொல்கிறது. புல்வெளியைக் காப்பது தோடர் திருவிழாவைக் காப்பது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அரங்கம் கட்டி, விளக்குப் போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச் சொல்வதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

தி. நகரில் குழாயைத் திறக்கிறவருக்கு அந்தப் புல்லோடு என்ன தொடர்பு? இருக்கிறது! சோலையும் புல்வெளியும் சேர்ந்த அந்த மலைத் தலைதான் மழையைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. அங்கே பிறக்கும் பவானியும் மோயாறும் பவானிசாகரில் கலந்து, பவானி ஊரில் காவிரியோடு சேர்கின்றன. காவிரி கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் வீராணத்து நீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. தோடர் எருமை மேய்ந்த சரிவில் விழுந்த மழையில் ஒரு பங்கு உங்கள் சொம்பில் இருந்தால் வியப்பில்லை!

மலைக்கும் மதராஸுக்கும் பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கிக் கல் வீடு கட்டினார். 1870 முதல் மதராஸ் மாகாண அரசே வெயில் காலத்தில் கோப்பு மூட்டைகளோடு ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆண்டில் பல மாதங்கள் நம் தலைமைச் செயலகம் தோடர் மேய்ச்சல் நிலத்தில் நடந்தது என்றே சொல்லலாம்!

போகும் வழி தெரியுமா? சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கே காத்திருக்கும் மலை ரயில் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளையும் 16 குகைகளையும் 250 பாலங்களையும் கடக்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பல்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும் சத்தத்தைக் கேட்கவே கல்லாறு முதல் ஜன்னலோரம் உட்கார வேண்டும். காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்; உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் வந்த நடைமுறை அது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த மாவட்டத்தில் தடை, சொம்போ எவர்சில்வர் பாட்டிலோ போதும்.

விழாத் தேதி பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வெளியே தெரியும், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு விசேஷம். மந்துப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலடி வைக்க வேண்டும். செருப்பை எங்கே கழற்றுவது, எதுவரை போகலாம், எதைப் படமெடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பூத்துக்குளி வாங்குவதானால் தைத்த பெண்களிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம். ஒரு முழுப் போர்வைக்கு எத்தனை வாரங்கள் இழை எண்ணியிருப்பார்கள் என்று அந்தக் கண்களைப் பார்த்தாலே தெரியும்.

மலைக்குப் போக லீவு கிடைக்கவில்லையா? அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போதும்! மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வடதமிழ்நாட்டு இருளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து சட்டி பானையோடு வந்து, சேலையைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். கடல்தான் அவர்களுக்குக் கன்னியம்மன். ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டி, பூவும் மஞ்சளும் தேங்காயும் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாமி வந்து ஆடுகிறவர் குறி சொல்கிறார். குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, நிச்சயம் எல்லாம் அந்த மணலிலேயே!

இந்தக் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் பாம்பு பிடிப்பவராக இருக்கலாம். 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான், இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியைத் தந்து வந்திருக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ!

மாமல்லபுரத்தில் கல்யாணங்கள் நடப்பது விடியற்காலையில். சூரியன் கடலிலிருந்து எழும் முன்பே தாலி கட்டத் தொடங்கிவிடுவார்கள், வெயில் ஏறும்போது கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டிவிடுவார்கள். ஆகையால் முந்தின நாள் இரவே கிளம்பிவிடுங்கள்.